பரணில் உறங்கும் குரல்கள்

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் நம் பங்குக் குடும்பங்களில் இன்னும் மறைந்துவிடவில்லை. பரணில் கிடப்பவை யாவும் தரைக்கு இறங்குவது அந்நாள்களில்தான். பித்தளை அண்டா, கால் ஒடிந்த நாற்காலி, பிள்ளைகளின் பழைய பாடநூல்கள், சென்ற ஆண்டுக் குடிலின் சுரூபங்கள். இவற்றிடையே கறுப்பு நிறத்தில், செங்கல் அளவில், ஐந்தாறு வீடியோ கேசட்டுகளும் வந்து சேரும். அவற்றின் முதுகில் ஒட்டிய தாளில் "அண்ணன் திருமணம்", "புதுநன்மை", "வேளாங்கண்ணி" என்று மங்கிய எழுத்துகள். "அத்தை, இதைப் போட்டுப் பார்க்க டெக்கே இல்லையே, எடுத்துப் போட்டுவிடலாமா?" என்று மருமகள் கேட்பாள். "இருக்கட்டும் அம்மா, உன் மாமனார் அதில் இருக்கிறார்" என்பார் மாமியார். கேசட்டுகள் மறுபடியும் பரணேறிவிடும்.

இம்முறை அவற்றைப் பரணேற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதே இம்மாதப் பகுதியின் நோக்கம். குப்பைக்கும் அனுப்ப வேண்டாம். அவற்றில் உள்ள படத்தையும் ஒலியையும் கணிப்பொறியில் வைக்கத்தக்க டிஜிட்டல் வடிவுக்கு மாற்றிக்கொள்ள இன்னும் வழி இருக்கிறது. ஆனால் அவ்வழி ஆண்டுக்கு ஆண்டு குறுகிவருகிறது. மேலும், மாற்றிவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. பெரும்பாலோர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அந்த மறுபாதியைப் பற்றியே இங்கு அதிகமாகச் சொல்ல விரும்புகிறேன்.

இந்தக் கேசட்டுகள் நம் வீடுகளுக்கு வந்த கதையை இளைஞர்களுக்காகச் சற்றுச் சொல்ல வேண்டும். வி.எச்.எஸ். எனப்படும் இவ்வகை நாடாவை ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1982இல் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது நம் நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி பரவத் தொடங்கிற்று. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் பணிபுரிந்தவர்கள் விடுமுறையில் வரும்போது டெக்கைச் சுமந்து வந்தார்கள். இல்லாதவர்கள் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, தெருவையே கூட்டி, விடியும்வரை மூன்று படம் பார்த்தார்கள். போட்டோ பிடித்துவந்த ஸ்டூடியோக்காரர்கள் தோளில் காமிராவைத் தூக்கத் தொடங்கினார்கள். அவ்வளவில், திருச்சி மாநகரின் பங்குகளில் வீடியோ எடுக்கப்படாத திருமணம் குறைந்துபோயிற்று.

அக்காலத் திருமண வீடியோவைப் பார்த்தவர்களுக்கு அந்த விளக்கு நினைவிருக்கும். கண் கூசும் வெளிச்சத்தை ஒரு பையன் உயரத் தூக்கிப் பிடித்திருப்பான். அவன் பின்னால் பாம்புபோல் மின்கம்பி நெளிந்து வரும். பந்தியில் அமர்ந்த பெரியவர்கள் சாம்பார்ச் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுச் சிலைபோல் காமிராவையே நோக்குவார்கள். "சாப்பிடுங்கள், சாப்பிடுங்கள்" என்று ஸ்டூடியோக்காரர் சைகை செய்வார். இன்று அக்காட்சியைக் கண்டு பேரப்பிள்ளைகள் சிரிக்கலாம். ஆனால் அப்பந்தியில் அமர்ந்தவர்களில் பலருக்கு, தம் வாழ்நாளில் அசைகின்ற படமாகப் பதிவானது அந்த அரை நிமிடம் ஒன்றே.

நாடா ஏன் கெடுகிறது? அதன் அமைப்பை அறிந்தால் காரணம் விளங்கும். அரை அங்குல அகலமும், ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனமும் உள்ள பாலியெஸ்டர் சுருள் அது. அதன்மேல் நுண்ணிய இரும்பு ஆக்சைடுத் துகள்களைப் பசை ஒன்றினால் ஒட்டியிருக்கிறார்கள். அத்துகள்களின் காந்தநிலையிலேதான் உங்கள் பாட்டியின் முகம் இருக்கிறது. மூன்று மணி நேரக் கேசட் ஒன்றில் ஏறக்குறைய 250 மீட்டர் நாடா இருக்கும். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரத்தைப்போல் மூன்றரை மடங்கு. டெக்கினுள் நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும் உருளையொன்று இந்நாடாவை உரசிப் படிக்கிறது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பசை இளகினால் நாடா அவ்வுருளையில் ஒட்டிக்கொள்கிறது; துகள்கள் உதிர்கின்றன. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழ்கிற நமக்கு ஈரத்துக்குக் குறைவில்லை. சித்திரை, வைகாசியில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள பரணில் தேங்கும் வெப்பமோ சொல்லத் தேவையில்லை. இரண்டும் சேர்ந்தால் பூஞ்சைக்கும் சிதைவுக்கும் வேறென்ன வேண்டும்?

நாடாவைவிட வேகமாக மறைந்துகொண்டிருப்பது அதைப் படிக்கும் இயந்திரம். டெக்குகளைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்று உலகில் ஓடும் டெக் எல்லாம் பழையவை. ஒன்றின் உதிரிப்பாகத்தைக் கழற்றித்தான் மற்றொன்றைப் பழுதுபார்க்க வேண்டும். அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளும் முதுமை அடைந்துவிட்டன. ஆஸ்திரேலிய நாட்டின் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015லேயே எச்சரிக்கை விடுத்து, 2025ஆம் ஆண்டை எல்லையாகக் குறித்தது. 2019இல் யுனெஸ்கோவும் உலகெங்கும் உள்ள காந்த நாடாத் தொகுப்புகளைக் குறித்து இவ்வாறே எச்சரித்தது. அந்த ஆண்டு பிறந்த மறுநாளே நாடாக்கள் யாவும் அழிந்துவிடும் என்பது அதன் பொருளன்று. நாடா நன்றாகவே இருந்தும் அதை ஓட்டிக் காட்ட ஆளும் கருவியும் கிடைக்காமல் போகும் காலம் வந்துவிட்டது என்பதே பொருள்.

பத்துக் கேசட் இருந்தால் எதை முதலில் மாற்றுவது? கையில் உள்ள பணம் இரண்டுக்குத்தான் போதும் என்னும் குடும்பங்களே மிகுதி. உலகில் வேறெங்கும் பிரதி இல்லாதது எதுவோ அதுவே முதலாவது. தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்த திரைப்படம் வேறிடத்தில் கிடைக்கும், அதை விட்டுவிடுங்கள். திருத்தலங்களைப் பற்றி விலைக்கு வாங்கிய கேசட்டும் பின்னால் நிற்கட்டும். உங்கள் வீட்டு முற்றத்தில் எடுத்தது, குழந்தையின் திருமுழுக்கு, தாத்தாவின் எண்பதாம் பிறந்தநாள், அடக்கச் சடங்கு ஆகியவை முன்னுக்கு வரட்டும்.

இதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடும்பத்தார் முதலில் கேட்பது படத்தைப்பற்றி; எனக்கோ ஒலியே பெரிதாகத் தோன்றுகிறது. முகத்துக்குப் புகைப்படம் இருக்கிறது. குரலுக்கு என்ன இருக்கிறது? பெற்றோர் மறைந்து இருபது ஆண்டு ஆனபின் அவர்கள் முகம் நினைவில் நிற்கிறது; குரலை நினைவுக்குக் கொண்டுவர முயன்றால் நழுவி ஓடுகிறது. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைக்குச் சென்று மெழுகுதிரி ஏற்றி மாலை சாத்துகிறோம். அதே மனிதரின் குரல் வீட்டுப் பரணில், ஈரம் குடித்துக்கொண்டு, ஒருவரும் கேளாமல் கிடக்கிறது.

ஆனால் திருமணக் கேசட்டில் குரலைத் தேடுவோருக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. அக்கால ஸ்டூடியோக்காரர்கள் வெட்டி ஒட்டித் தொகுத்தபோது, ஊர்வலத்திலிருந்து பந்திவரை எல்லாவற்றின் மேலும் திரைப்பாடல்களை ஏற்றிவிட்டார்கள். மணமக்களின் முகம் ரோஜாப்பூவிலிருந்து மலரும். இதய வடிவில் சுருங்கும். பேச்சு மட்டும் கேட்காது. கோவிலில் மணமக்கள் வாக்குறுதி கூறும் இடத்திலும், வரவேற்பில் பெரியவர்கள் மைக்கைப் பிடித்து வாழ்த்தும் இடத்திலும்தான் உண்மை ஒலி தப்பிப் பிழைத்திருக்கும். எனவே தொகுத்த கேசட்டோடு, தொகுக்காத மூலக் கேசட் எங்கேனும் உண்டா என்று தேடுங்கள். பெரும்பாலும் ஸ்டூடியோக்காரர் அதன்மேலேயே அடுத்த திருமணத்தை எடுத்திருப்பார். சிலர் குடும்பத்தாரிடமே கொடுத்ததும் உண்டு. அதில்தான், காமிரா ஓடுவது தெரியாமல், "அந்தச் சின்னவனுக்கு இன்னும் ஓர் அப்பளம் வை" என்று அம்மாச்சி அதட்டும் குரல் இருக்கும்.

சிறிய ஒலிநாடாக் கேசட்டுகளையும் மறந்துவிடாதீர்கள். வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பு எட்டாத விலையில் இருந்த காலத்தில், வளைகுடா சென்ற கணவருக்கும் பிள்ளைக்கும் கடிதத்துக்குப் பதிலாகப் பேசிப் பதிவு செய்து அனுப்பினார்கள் நம் பெண்கள். எழுதத் தெரியாத தாய்மாருக்கு அது ஒரு பெரும் விடுதலை. அறுபது நிமிடத்தில் நலவிசாரிப்பு, பணக்கணக்கு, மாட்டுக்கு வந்த நோய், நாத்தனார் மேல் குறை, கடைசியில் விசும்பல் என எல்லாம் இருக்கும். திரும்பி வந்தவர் பெட்டியில் அவையும் திரும்பி வந்திருக்கும். அதன்மேல் பாட்டுப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் நீங்கள் பேறுபெற்றவர்கள்.

இனி, செய்முறை. எடுத்தவுடன் கேசட்டை டெக்கில் நுழைத்துவிடாதீர்கள். அதன் முகப்பிலுள்ள கண்ணாடிச் சாளரத்தின் வழியே நாடாச் சுருளை வெளிச்சத்தில் நோக்குங்கள். வெண்மையாகத் திருநீறு பூசியதுபோல் படிந்திருந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டினால் நாடா கிழியலாம், டெக் பழுதாகும், அடுத்து அதில் போடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை தாவும். அத்தகையதைத் தனியே ஒரு பையில் கட்டிவைத்து, துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். நல்ல கேசட்டாயின், முதுகுப்புறத்தில் இடது ஓரத்தில் உள்ள சிறு நெகிழித் தகட்டை உடைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை தவறான பொத்தானை அழுத்தி அழித்துவிடும் ஆபத்து உண்டு. பிறகு நாடாவை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, மீண்டும் முதலுக்குச் சுற்றுங்கள். ஒட்டிக் கிடக்கும் சுருள் தளரும். இவ்வாறு சுற்றுவதற்கும் டெக் வேண்டுமே என்றால், இதையும் ஸ்டூடியோக்காரரிடமே விட்டுவிடலாம்.

வெளிநாட்டு உறவினர் அனுப்பிய கேசட்டாயின் ஒரு சொல் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்தியா, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் பல ஆகியவற்றின் அக்கால ஒளிபரப்பு 625 வரிகள் கொண்ட பால் முறையைச் சேர்ந்ததாக இருந்தது. (ஆவின் பாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) அமெரிக்காவிலும் கனடாவிலும் எடுத்தது 525 வரிகள் கொண்ட என்.டி.எஸ்.சி. முறை. பிரான்சிலிருந்து புதுச்சேரி, காரைக்கால் உறவினர் வழியே வந்தது செக்காம் முறையாக இருக்கலாம். முறை மாறினால் படம் உருளும், அல்லது நிறமிழந்து கறுப்பு வெள்ளையாகத் தெரியும். கேசட் கெட்டுவிட்டது என்று எண்ணி எறிந்துவிடாதீர்கள். எல்லா முறைகளையும் படிக்கும் டெக்கில் அது சரியாக ஓடக்கூடும்.

"எங்கள் வீட்டுக் கேசட்டை 2000ஆம் ஆண்டை ஒட்டியே சி.டி.யாக மாற்றிவிட்டோமே" என்பவர்களும் உண்டு. மகிழ்ச்சி, ஆனால் அவை அநேகமாக வி.சி.டி.களாக இருக்கும். நாடாவில் உள்ள படத்தின் வரிகளில் பாதியைத்தான் வி.சி.டி. ஏற்கும். வீட்டில் எழுதிய வட்டுகளும் நாளடைவில் படிக்க முடியாமல் போகின்றன. நாடா இன்னும் இருக்குமானால் அதிலிருந்து மறுபடியும் எடுப்பதே சிறப்பு.

ஸ்டூடியோவில் கொடுக்கும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். எந்த டெக்கில் ஓட்டப் போகிறீர்கள், அதன் தலையைத் துடைத்தீர்களா? முழு நீளமும் வெட்டாமல் எடுப்பீர்களா? நாடாவைத் திருப்பித் தருவீர்களா? "இசை சேர்த்து, தலைப்பு போட்டு, அழகாகத் தருகிறோம்" என்றால், முதலில் ஒன்றும் சேர்க்காத பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கட்டணம் பெரும்பாலும் மணிக்கணக்கில் அமையும். ஏனெனில் மூன்று மணி நேர நாடாவைப் படிக்க மூன்று மணி நேரம் ஆகும். அதைவிட விரைவான குறுக்குவழி இல்லை. நல்ல டெக் ஒன்று இரவலாகக் கிடைக்குமானால், கணிப்பொறியில் பொருத்தும் சிறு மாற்றுக்கருவியை வாங்கி வீட்டிலேயே செய்யலாம்; கல்லூரி செல்லும் பிள்ளை ஒரு விடுமுறையில் முடித்துவிடுவான்.

செயற்கை நுண்ணறிவால் பழைய படத்தைத் தெளிவாக்கித் தருவதாக இப்போது சொல்கிறார்கள். எனக்கு இதில் ஐயம் உண்டு. மங்கலான முகத்தில் இல்லாத கோடுகளை அது ஊகித்து வரைகிறது. பளபளவென்ற தோலும் கூர்மையான கண்ணும் கிடைக்கும். அவை நம் அம்மாச்சியுடையவைதாமா என்பதற்கு உறுதியில்லை. வேடிக்கைக்காகச் செய்து பார்ப்பவர்கள் செய்யட்டும். மூலப் பிரதியின் மேல் மட்டும் கைவைக்க வேண்டாம்.

இதுவரை சொன்னது பாதி வேலை. மறுபாதிக்கு வருகிறேன்.

மூன்று மணி நேரம் வீணாகிறதே என்று சலித்துக்கொள்பவர்கள் அந்நேரத்தை எவ்வாறு பயன்படுத்தலாம் என்று எண்ணிப் பாருங்கள். படத்தில் இருநூறு பேர் வந்து போகிறார்கள். பேரப்பிள்ளைக்கு அவர்களில் பதின்மரைத் தெரியும். மகனுக்கு ஐம்பது பேரைத் தெரியும். அனைவரையும் அறிந்தவர் எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டியார்தாம். அவரும் போய்விட்டால், கண்ணுக்குத் துல்லியமாகத் தெரியும் இருநூறு அந்நியர்களின் படம் நம் கையில் மிஞ்சும். ஆகவே பாட்டியாரை நாற்காலியில் அமர்த்தி, பக்கத்தில் ஒரு பிள்ளை குறிப்பேட்டோடு உட்காரட்டும். அவர் பேசுவதைக் கைப்பேசியில் பதிவும் செய்யட்டும். "அதோ பச்சைப் புடவை, உன் தாத்தாவின் சித்தப்பா மகள், பொன்மலை ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவருக்கு வாக்கப்பட்டவள்" என்று அவர் சொல்லும் ஒரு வரி, எந்த ஸ்டூடியோவும் செய்து தர இயலாத வேலை.

எப்படி எழுதிவைப்பது? நம் பங்கு ஆலயங்களிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 1563இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் திருமுழுக்குக்கும் திருமணத்துக்கும் பதிவேடு வைக்கக் கட்டளையிட்டது. பெயர், தந்தை, தாய், ஞானப்பெற்றோர், நாள், இடம் என்று இன்றும் நம் பங்கு அலுவலகங்களில் வரி வரியாக எழுதுகிறார்கள். கேசட் குறிப்பேட்டையும் அவ்வாறே எழுதுங்கள். முதல் வரிசையில் படத்தின் நேரம்: 14ஆம் நிமிடம், 52ஆம் நிமிடம் என்று. அடுத்து யார், யாருடைய மகன் அல்லது மகள், எந்த ஊர். கேலிப்பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பிற்காலத்தில் அதைக்கொண்டே அடையாளம் காண்பார்கள்.

நாளைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். படத்தின் மூலையில் காமிரா பொறித்த நாளை நம்பிவிடாதீர்கள். கடிகாரத்தைச் சரிசெய்யாமலே எடுத்தவர்கள் ஏராளம். திருமணமாயின் பங்குப் பதிவேட்டைக் கேட்டால் முடிந்தது. திருப்பயணத்தையும் வீட்டு நிகழ்ச்சியையும் என்ன செய்வது? மனிதர்களை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் தெரிவதைப் பாருங்கள். நம் ஊர் இதில் மிகவும் உதவி செய்கிறது.

காவிரிப் பாலத்திலிருந்து ஸ்ரீரங்கம் தெரிகிறதா? தெற்கு வாசலில் வானளாவ ராஜகோபுரம் நின்றால் 1987க்குப் பிற்பட்டது எனலாம். நூற்றாண்டுகளாக முற்றுப்பெறாமல் நின்ற மொட்டைக் கோபுரம் 236 அடி உயரமாகக் கட்டி முடிக்கப்பட்டு, அவ்வாண்டு மார்ச் 25ஆம் நாள் குடமுழுக்கு நடந்தது. சாரம் கட்டிய நிலையில் தெரிந்தால் அதற்குச் சற்று முற்பட்டது. கட்டடப் பலகையில் "ஸ்ரீரங்கம் நகராட்சி" என்றோ "பொன்மலை நகராட்சி" என்றோ புதிதாக எழுதியிருந்தால், அவை திருச்சி மாநகராட்சியோடு இணைந்த 1994க்கு முற்பட்ட காட்சி. பின்னால் செல்லும் அரசுப் பேருந்தில் "தீரன் சின்னமலை" என்று பெயர் இருக்கிறதா? போக்குவரத்துக் கழகங்களுக்கிட்ட தலைவர்களின் பெயர்களை 1997இல் அரசு நீக்கிவிட்டது. எனவே அதற்கு முற்பட்டதாகவே இருக்கும். பூண்டி மாதா திருப்பயணத்தில் பெயர்ப்பலகையில் "பசிலிக்கா" என்று கண்டால் 1999க்குப் பிந்தையது. சுவரொட்டியில் திரைப்படப் பெயர் தெரிந்தாலோ மாதமே கிடைத்துவிடும். இவ்வேலையில் வீட்டிலுள்ள சிறுவர்கள் பெரியவர்களை வென்றுவிடுவார்கள்.

இவ்வாறு பார்க்கும்போது, குடும்ப வீடியோ என்று நாம் நினைத்தது ஊரின் ஏடும் ஆகிறது. திருவானைக்கோவிலுக்கும் நெம்பர் ஒன் டோல்கேட்டுக்கும் இடையே கொள்ளிடத்தின் மேல் 1928இல் கட்டிய இரும்புப் பாலத்தை எத்தனையோ மணமக்கள் கார் கடந்து போயிருக்கிறது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தன. அப்பாலத்தின் மேல் கார்ச் சன்னலுக்கு வெளியே கம்பிகள் ஓடும் காட்சி எவர் வீட்டுத் திருமணக் கேசட்டிலேனும் இருக்குமானால் அது ஊருக்கே உரிய பொருள். அதுபோலவே, ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதி நண்பர்கள் நம் வீட்டு வரவேற்பில் வந்து நிற்பார்கள். அவர்கள் வீட்டுத் திருமணக் கேசட்டில் நம் தந்தையார் முன்வரிசையில் அமர்ந்திருப்பார். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா நம் புனித வளனார் கல்லூரியில் படித்தவர். அவரைப்போல் ஆற்றைக் கடந்து வந்து படித்தவர்களும், அவர்களோடு நட்புக்கொண்ட குடும்பங்களும் இவ்வூரில் மிகப் பல. உங்கள் கேசட்டில் அவர்கள் வீட்டுப் பெரியவர் தென்பட்டால், அந்தத் துண்டை மட்டும் வெட்டியெடுத்து அனுப்பிவையுங்கள். அவர்கள் வீட்டில் அவர் குரல் இல்லாமலே இருக்கலாம்.

பார்க்கும்போது சிலருக்குத் தாங்க முடியாமல் போகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இளவயதில் விபத்தில் மறைந்த மகன் படத்தில் ஆடிக்கொண்டு வருவான். பிரிந்துபோன கணவனும் மனைவியும் மாலை மாற்றுவார்கள். பெரியவர் "நிறுத்து" என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். இன்னொரு நாள் அவரே "மீதியைப் போடு" என்று கேட்கக்கூடும். எவரையும் கேளாமல் இக்காட்சிகளை வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் பரப்புவது முறையாகாது. முப்பது ஆண்டுகளுக்கு முன் காமிரா முன் சிரித்த பெண், இன்று ஊரார் கைப்பேசியில் தம் முகம் உலவ வேண்டும் என்று இசைவு தந்தவரல்லர்.

உடன்பிறந்தாரிடையே ஒரு மனத்தாங்கலும் இதில் ஒளிந்திருக்கிறது. அம்மாவின் கேசட் மூத்தவர் வீட்டில். இளையவர் கேட்டும் கொடுக்கவில்லை. சொத்துத் தகராற்றில் பேச்சும் நின்றுவிட்டது. வீட்டைப் பிரிக்கலாம், நகையைப் பிரிக்கலாம். குரலைப் பிரிக்க வேண்டியதில்லை. டிஜிட்டல் பிரதியின் தனிச்சிறப்பே, எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் கொடுப்பவருக்குக் குறைவதில்லை என்பதுதான். பேசாத தம்பிக்கும் ஒரு பென் டிரைவில் போட்டு அனுப்புங்கள். கடிதம் எழுதத் தோன்றாவிட்டால் வெறும் உறையாகவே அனுப்புங்கள்.

பிரதிகள் பலவாக இருப்பதே பாதுகாப்பும் ஆகும். ஒன்று வீட்டுக் கணிப்பொறியில், ஒன்று தனி ஹார்டு டிஸ்கில், ஒன்று வேறூரில் வாழும் பிள்ளையிடம் அல்லது இணையச் சேமிப்பில். மூன்றும் ஒரே அலமாரியில் இருந்தால் மூன்றல்ல, ஒன்றே. 1977லும் 2005லும் நகரத்துக்குள் வெள்ளம் புகுந்ததைக் கண்டவர்கள் இதற்கு விளக்கம் கேட்கமாட்டார்கள். ஹார்டு டிஸ்கும் சாகும் பொருளே. ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். குறிப்பேட்டையும் கைப்பேசியில் படமெடுத்து அதனோடே வையுங்கள்.

மாற்றியபின் நாடாவை எறிந்துவிடலாமா என்று கேட்பார்கள். ஓலைச்சுவடிக் காலத்தில் நம்மவர்கள் ஏடு பழுதானால் புதிய ஓலையில் படியெடுத்துவிட்டு, பழையதை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டார்கள். பிற்காலத்தில் படியெடுக்கும் வழக்கம் மறைந்து ஆற்றில் விடும் வழக்கம் மட்டும் எஞ்சிற்று. அவ்வாறு ஏடுகள் போனதை உ.வே. சாமிநாதையர் வருந்தி எழுதியிருக்கிறார். படியெடுத்துவிட்டோம் என்ற துணிவில் நாமும் அவசரப்பட வேண்டாம். பிரதி முழுதும் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தபின்னும், நாடாவை முதலுக்குச் சுற்றி, உறையிலிட்டு, புத்தகம்போல் நிமிர்த்தி, பரணில் அல்லாமல் காற்றோட்டமான அறையில் இரும்பு பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். ஒலிபெருக்கிக்கும் மின்மாற்றிக்கும் அருகில் வேண்டாம். தேர்ப்பவனி, கொடியேற்றம், ஆலய அர்ச்சிப்பு, பங்குத்தந்தையின் வெள்ளிவிழா ஆகியவை அதில் இருக்குமானால், பிரதி ஒன்றைக் குறிப்பேட்டின் நகலோடு பங்கு அலுவலகத்தில் கொடுத்து, யார் வீட்டுக் கேசட், எந்த ஆண்டு என்று உறையின் மேல் தெளிவாக எழுதிவிடுங்கள்.